காற்று மாசு உடல் எடையைக் கூட்டுமா? பெரியவர்களுக்கான கேள்வி-பதில்கள்

காற்று மாசு என்றதும் இருமல், மூச்சிரைப்பு, மாரடைப்புதான் நினைவுக்கு வரும். தொப்பையையும் அதோடு சேர்த்துப் பேசும் ஆய்வுகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் நிறைய வந்துவிட்டன. செய்தித் தலைப்புகள் அவற்றை மிகைப்படுத்துகின்றன, சிலர் முழுக்க மறுக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் உறுதியாகத் தெரிந்தது எவ்வளவு என்பதே இந்தப் பக்கத்தில் இருக்கிறது.

முதலில் நேரடியாகச் சொல்லுங்கள்: தொடர்பு உண்டா, இல்லையா?

பெரியவர்களிடம் சிறிய அளவில் தொடர்பு தெரிகிறது. எடையைவிட, கொழுப்பு உடலில் எங்கே சேர்கிறது என்பதிலும் ரத்தச் சர்க்கரையிலும் அது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் "மாசுதான் காரணம்" என்று அடித்துச் சொல்லும் கட்டம் இன்னும் வரவில்லை.

2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு அதுவரை வந்திருந்த 16 ஆய்வுகளை எடுத்து, அவற்றிலிருந்த 66 ஒப்பீடுகளை எண்ணிப் பார்த்தது. 29 ஒப்பீடுகளில் மாசு கூடிய இடத்தில் பருமனும் கூடியிருந்தது. 29இல் எந்தத் தொடர்பும் இல்லை. மீதி 8இல் மாசு கூடிய இடத்தில் எடை குறைவாக இருந்தது. சரிபாதிக்கும் கீழேதான் "ஆம்" என்று வந்தது. அதற்குப் பின் வந்த பெரிய ஆய்வுகளில் பல "ஆம்" பக்கம் சாய்கின்றன. அவற்றிலும் கிடைத்த விளைவின் அளவு சிறியதே.

மாசு என்று எதைச் சொல்கிறீர்கள்? புகையா, தூசியா?

இந்த ஆய்வுகளில் அதிகம் அளக்கப்படுவது பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள். விட்டம் 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு, தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கு, தொண்டையின் வடிகட்டலைத் தாண்டி நுரையீரலின் காற்றறைகள் வரை போய்விடும். டீசல் புகை, விறகுப் புகை, அனல்மின் நிலையம், குப்பை எரிப்பு எல்லாவற்றிலிருந்தும் வருகிறது. அடுத்தது நைட்ரஜன் டை ஆக்சைடு. நகரத்தில் இது பெரும்பாலும் வண்டிகளின் புகையிலிருந்து வருவது. மூன்றாவது, வெயிலில் மற்ற வாயுக்கள் வினைபுரிந்து தரைமட்டத்தில் உருவாகும் ஓசோன். வீதியில் கண்ணுக்குத் தெரியும் செம்மண் தூசி எரிச்சல் தரும். ஆனால் அதில் பெரும்பகுதி பெரிய துகள். இந்தக் கேள்வியில் அதற்கு முக்கிய இடமில்லை.

பெரியவர்களிடம் செய்த ஆய்வுகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இருந்த 1,654 பெண்களை 2000 முதல் 2008 வரை பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் அவர்களுடைய வயது ஐம்பதை ஒட்டி இருந்தது. வெள்ளையர், கறுப்பினத்தவர், சீன வம்சாவளியினர், ஜப்பானிய வம்சாவளியினர் என நான்கு பிரிவினரும் இருந்தார்கள்.

இதன் பலம், வெறும் தராசை நம்பாமல் டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில் இருக்கிறது. எலும்புத் தேய்மானத்தைப் பார்க்க எடுக்கும் அதே ஸ்கேன்தான். கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். நுண்துகள் அதிகமான பகுதிகளில் வாழ்ந்த பெண்களுக்குக் கொழுப்பு சுமார் நாலரை விழுக்காடு கூடுதலாகவும், தசை சற்றே குறைவாகவும் இருந்தது. கிலோவில் சொன்னால் கொழுப்பு சுமார் 1.2 கிலோ கூடுதல். தசை குறைந்து கொழுப்பு ஏறினால் தராசு முள் பெரிதாக நகராது. பிஎம்ஐயை (எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) மட்டும் கணக்கிட்ட பல ஆய்வுகள் "தொடர்பில்லை" என்று முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதே ஆய்வில் நன்றாக உடற்பயிற்சி செய்த பெண்களிடம் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்திருந்தது.

1.2 கிலோ என்பது பெரிதா, சிறிதா?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ உடல்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 1.2 கிலோவுக்கு 9,240. அந்த வித்தியாசம் எட்டு ஆண்டுகளில், அதாவது 2,920 நாட்களில், சிறுகச் சிறுகச் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு மூன்று கலோரிதான் வருகிறது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் 16 கலோரி. அதில் கால்வாசிகூட இல்லை.

ஒரு தனிமனிதருக்கு இது கண்ணில் படாத அளவு. காபியில் அரைக் கரண்டிச் சர்க்கரையைக் குறைத்தாலே ஈடாகிவிடும். ஆனால் மாசுக்காற்றை ஊரே சுவாசிக்கிறது. கோடிக்கணக்கானவர்களின் சராசரி ஒரு கிலோ நகர்ந்தால், ஏற்கெனவே எல்லைக்கோட்டில் நிற்கும் பல லட்சம் பேர் நீரிழிவுக்குள் விழுந்துவிடுவார்கள். "எனக்கு" என்று கேட்டால் சிறியது, "ஊருக்கு" என்று கேட்டால் பெரியது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் விவாதம் முடிவில்லாமல் நீள்கிறது.

பெரிய சாலையை ஒட்டி வீடு. எடை கூடுமா?

அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் இதய ஆய்வில் கலந்துகொண்டவர்களை வைத்து 2016இல் இதைப் பார்த்தார்கள். பெரிய சாலையிலிருந்து 60 மீட்டரில் வசித்தவர்களை 440 மீட்டரில் வசித்தவர்களோடு ஒப்பிட்டால், அருகில் இருந்தவர்களின் பிஎம்ஐ 0.37 கூடுதல். ஐந்தடி ஏழங்குல உயரமுள்ளவருக்கு அது ஏறக்குறைய ஒரு கிலோ. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சிடி ஸ்கேனில் சுமார் 42 கன சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தது. மூன்று மேசைக்கரண்டி எண்ணெயின் அளவு.

வியப்பு என்னவென்றால், அதே ஆய்வில் பிஎம் 2.5க்கும் கொழுப்புக்கும் தொடர்பு தென்படவில்லை. அப்படியானால் சாலையோரத்தில் வேறு ஏதோ ஒன்று வேலை செய்கிறது. அது நைட்ரஜன் டை ஆக்சைடாக இருக்கலாம். இரவெல்லாம் ஓயாத சத்தமாகவும் இருக்கலாம். ஸ்டாக்ஹோம் பகுதியில் ஐயாயிரம் பேருக்கு மேல் வைத்து 2015இல் வெளியான ஆய்வில், சாலை, ரயில், விமானச் சத்தம் அதிகமான இடங்களில் வசித்தவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு கூடுதலாக இருந்தது. தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். சாலையோர வீட்டில் இருப்பவர்கள் படுக்கையைச் சாலைப் பக்கமில்லாத அறைக்கு மாற்றினாலே புகை, சத்தம் இரண்டும் குறையும். செலவில்லாத வழி இது.

"பருமன் ஆபத்து 8 விழுக்காடு அதிகம்" என்று செய்தியில் வருகிறதே?

அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் பல லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2021இல் வந்த ஆய்வு அது. ஆண்டுச் சராசரி பிஎம் 2.5 ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், புதிதாகப் பருமன் ஆகும் வாய்ப்பு 8 விழுக்காடு கூடுகிறது என்றார்கள். இது ஒப்பீட்டு அளவு. குறிப்பிட்ட காலத்தில் ஆயிரம் பேரில் நூறு பேர் பருமனாகும் இடத்தில் நூற்றெட்டு பேர் ஆவார்கள் என்று பொருள். உங்கள் எடை 8 விழுக்காடு கூடும் என்று படித்துவிடக் கூடாது. பலர் அப்படித்தான் படிக்கிறார்கள்.

மாசு நிறைந்த இடத்தில் ஏழைகள் வாழ்கிறார்கள், அவர்களுடைய உணவும் சரியில்லை. எல்லாம் அதனால்தானே?

மிக நியாயமான கேள்வி. இந்தத் துறையின் பெரிய தலைவலியே இதுதான்.

இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள் தில்லியில் 41.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 40.4 விழுக்காடு. தில்லியின் காற்று தமிழ்நாட்டைவிடப் பல மடங்கு மோசம். பருமனில் இரண்டும் சமம். பிகாருக்கு வாருங்கள். கங்கைச் சமவெளியின் மாசு மண்டலம் அதன் தலைமேல்தான் நிற்கிறது. ஆனால் அங்கே 15.9 விழுக்காடுதான். மாநிலத்துக்கு மாநிலம் பார்த்தால் மாசு சொல்வதைவிட வருமானமும் உணவும் உடலுழைப்பும் சொல்வதே அதிகம். இப்படி மேலோட்டமாக இரண்டு வரைபடங்களை அருகருகே வைத்து யார் எந்த முடிவுக்கு வந்தாலும் நம்பாதீர்கள்.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். சாலையோரத்திலும் ஆலையோரத்திலும் வாடகை குறைவு. அங்கே வசிப்பவர்களுக்குப் பூங்காவும் காய்கறிக் கடையும் தொலைவு. அங்கே வறுமையே மாசுக்கும் பருமனுக்கும் பொதுக் காரணமாகிவிடுகிறது. ஆய்வாளர்கள் வருமானம், படிப்பு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் கொண்டு கழித்துப் பார்க்கிறார்கள். ஆனாலும் அளக்க முடியாத ஏதோ ஒன்று மிஞ்சிவிடும்.

அதைத் தாண்டிக் காரணத்தைப் பிடிக்க வழியே இல்லையா?

ஒரு நல்ல முயற்சி நடந்திருக்கிறது. சாதாரணமாகத் தரைக்கு அருகில் காற்று சூடாகவும் மேலே போகப் போகக் குளிர்ந்தும் இருக்கும். சூடான காற்று மேலே எழும்போது புகையையும் கொண்டுபோய்விடும். சில நாட்களில் இது தலைகீழாகி, குளிர்ந்த காற்று கீழேயும் சூடான அடுக்கு அதன்மேல் மூடி போலவும் உட்கார்ந்துவிடும். பானைக்கு மூடி போட்டது போலப் புகை கீழேயே தேங்கும். போகிப் பண்டிகை அதிகாலையில் சென்னையில் பார்ப்பது இதைத்தான். எரித்த பொருட்களின் புகை ஒரு பக்கம், மார்கழிக் குளிரில் அதை மேலே விடாமல் அழுத்தும் மூடி இன்னொரு பக்கம். 2018இல் அந்தப் புகைமூட்டத்தால் விமானங்களே தாமதமாயின.

இந்த மூடி விழும் நாட்களை யாருடைய வருமானமும் தீர்மானிப்பதில்லை. வானிலைதான் தீர்மானிக்கிறது. சீனாவில் 1989 முதல் 2015 வரை 13,226 பெரியவர்களைத் தொடர்ந்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பை எடுத்து, எந்த மாவட்டத்தில் எந்த ஆண்டில் இத்தகைய நாட்கள் அதிகமோ அங்கே மக்களின் எடை எப்படி மாறியது என்று பொருளியலாளர்கள் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. முந்தைய 12 மாதச் சராசரி நுண்துகள் ஒரு மைக்ரோகிராம் கூடினால் பிஎம்ஐ 0.27 விழுக்காடு கூடியது. அந்த ஆண்டுகளில் மக்கள் குறைவாக நடமாடினார்கள், குறைவாகத் தூங்கினார்கள், கொழுப்புணவை அதிகமாகச் சாப்பிட்டார்கள் என்பதும் தெரிந்தது.

எழுபது கிலோ ஆளுக்கு 0.27 விழுக்காடு என்றால் ஒரு மைக்ரோகிராமுக்கு 190 கிராம். மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய எண். இதை அப்படியே பத்தாலும் இருபதாலும் பெருக்கி "தில்லிக்குப் போனால் இத்தனை கிலோ" என்று சொல்வது தவறு. சிறிய ஏற்றத்தாழ்வுகளுக்குக் கிடைத்த கணக்கு பெரிய வித்தியாசங்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் "எல்லாம் வறுமைதான்" என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் வந்ததில்லை.

மூச்சில் போவது கொழுப்பாக எப்படி மாறும்?

மாசு கொழுப்பாக மாறுவதில்லை. அதில் கலோரி கிடையாது. உடல் கொழுப்பைக் கையாளும் விதத்தை அது கெடுப்பதாகத் தெரிகிறது.

2009இல் வந்த எலி ஆய்வு ஒன்று இதை நன்றாகக் காட்டியது. கொழுப்புணவு தின்ற எலிகளில் ஒரு பகுதிக்கு வடிகட்டிய காற்று. மற்றொரு பகுதிக்குக் கன மீட்டருக்கு சுமார் 73 மைக்ரோகிராம் நுண்துகள் உள்ள காற்று, நாளுக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 128 நாள். உணவு ஒன்றே. மாசுக்காற்றைச் சுவாசித்தவற்றுக்கு வயிற்றுக் கொழுப்பு கூடியது, அதற்குள் அழற்சி அணுக்கள் புகுந்தன, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. 73 என்பது நம் வடமாநில நகரங்களில் சாதாரணமாகப் பதிவாகும் அளவு. ஆய்வுக்கூடத்துக்காகக் கிளப்பிய மிகையான எண் இல்லை.

இன்னொரு வழி, விறகு, டீசல், கருகிய இறைச்சியில் உள்ள பென்சோபைரீன் என்ற பொருள். சேமித்த கொழுப்பைக் கரைக்கச் சொல்லி உடல் அனுப்பும் கட்டளையை இது தடுக்கிறது என்று 2006இல் எலிகளிடம் காட்டினார்கள். ஆனால் எலிகளுக்கு அதை ஊசியில் செலுத்தினார்கள். மூச்சில் போகும் அளவோடு அதை நேராக ஒப்பிட முடியாது.

மன அழுத்த ஹார்மோன் மூன்றாவது. ஷாங்காயில் 55 கல்லூரி மாணவர்களின் விடுதி அறைகளில் 9 நாள் உண்மையான காற்றுச் சுத்திகரிப்பான், 9 நாள் வடிகட்டி இல்லாத போலி என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். எது எப்போது என்று மாணவர்களுக்குத் தெரியாது. மாசு கூடிய நாட்களில் கார்டிசோல் முதலிய ஹார்மோன்கள் கூடியிருந்தன. கார்டிசோல் நீண்ட நாள் உயர்ந்தே இருந்தால் கொழுப்பு வயிற்றுக்குள் சேரும் என்பதை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள்.

சிகரெட் பிடிப்பவர்கள் ஒல்லியாகத்தானே இருக்கிறார்கள்? அதுவும் புகைதானே?

நிக்கோட்டின் பசியைக் குறைக்கிறது. காற்று மாசில் நிக்கோட்டின் இல்லை. இன்னொன்று: புகைப்பவர்களின் மொத்த எடை குறைவாக இருந்தாலும், அதே எடையுள்ள புகைக்காதவரோடு ஒப்பிட்டால் வயிற்றுக் கொழுப்பு கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் முன்னால்.

சென்னைக்கு என்று ஏதாவது ஆய்வு உண்டா?

பருமனை விட்டு அதன் பக்கத்து வீடான நீரிழிவைப் பார்த்தால், உண்டு. சென்னையிலும் தில்லியிலும் 12 ஆயிரம் பெரியவர்களை 2010 முதல் ஏழு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2023இல் வெளியானது. ஆண்டுச் சராசரி பிஎம் 2.5 பத்து மைக்ரோகிராம் கூடினால் இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து 22 விழுக்காடு கூடியது. எடை விஷயத்தில் கிடைத்த எண்களைவிட இது வலுவானது. ஆகவே சென்னைக்காரர்கள் மாசை நினைத்துக் கவலைப்பட்டால் தராசில் ஏறுவதைவிட வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சியும் (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பார்த்துக்கொள்வது பயனுள்ளது. முப்பது வயது தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கலாம்.

செயலியில் வரும் ஏக்யூஐ (காற்றுத் தரக் குறியீடு) எண்ணை எப்படிப் படிப்பது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி போன்ற நிலையங்களின் எண் கிடைக்கும். இந்திய அளவுகோலில் 50 வரை "நல்லது", 51 முதல் 100 வரை "திருப்தி". ஆனால் 100 என்பது பிஎம் 2.5 கணக்கில் 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாளுக்குச் சொன்ன வரம்பு 15. பச்சை நிறத்தைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: "திருப்தி"யின் மேல் எல்லை அந்த வரம்பைப் போல நான்கு மடங்கு. ஆண்டுச் சராசரிக்கும் இப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 5, இந்தியாவின் வரம்பு 40.

எடை, சர்க்கரை போன்ற விஷயங்களுக்கு ஒரு நாள் எண் முக்கியமில்லை, ஆண்டுச் சராசரிதான் முக்கியம். தீபாவளி இரவின் எண்ணைப் பார்த்துப் பதறி மற்ற 364 நாளை மறந்துவிடாதீர்கள். இன்னொரு பிழை, செயலிகளைக் கலப்பது. சில தனியார் செயலிகள் அமெரிக்க அளவுகோலைக் காட்டும். அதே காற்றுக்கு இரண்டும் வேறு வேறு எண் தரும். ஏக்யூஐயை விட்டுவிட்டு மைக்ரோகிராம் எண்ணையே பாருங்கள்.

மாசு இருக்கிறது என்று நடைப்பயிற்சியை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

2016இல் ஒரு கணக்கீடு வெளியானது. மாசுக்காற்றில் நடப்பதாலும் மிதிவண்டி ஓட்டுவதாலும் வரும் ஆயுள் இழப்பு, பயிற்சியால் வரும் ஆயுள் லாபத்தை எப்போது தாண்டும் என்று பார்த்தார்கள். பிஎம் 2.5 நூறு மைக்ரோகிராம் இருக்கும் ஊரில்கூட, நாளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிதிவண்டி ஓட்டினால் அல்லது பத்து மணி நேரத்துக்கு மேல் நடந்தால்தான் தீமை மிஞ்சும். தமிழ்நாட்டு நகரங்களின் சராசரி அதைவிட வெகு குறைவு. அரை மணி நேர நடை எந்தக் கணக்கிலும் லாபம். ஆஸ்துமா, நுரையீரல் அடைப்பு நோய், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தச் சராசரிக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மோசமான நாளில் வீட்டுக்குள் செய்யட்டும்.

நேரத்தையும் இடத்தையும் மாற்றினால் இன்னும் நல்லது. மார்கழி, தை மாதங்களில் ஐந்து மணி நடை நம் ஊர் வழக்கம். மேலே சொன்ன அந்த மூடி அப்போதுதான் இறுகியிருக்கும். வெயில் ஏறி மூடி திறக்கும் எட்டு மணிவாக்கில் போங்கள். கோடையில் அதிகாலையே சரி. அப்போது தொல்லை பிற்பகல் ஓசோன். பிரதான சாலையில் நடக்காமல் ஒரு தெரு உள்ளே போனாலே வண்டிப் புகை நன்றாகக் குறையும். 150 முதல் 300 மீட்டர் தள்ளிவிட்டால் பெருமளவு நீங்கும். ஓடினால் நிமிடத்துக்கு ஐம்பது லிட்டருக்கு மேல் காற்று உள்ளே போகும், சும்மா உட்கார்ந்திருந்தால் ஏழெட்டு லிட்டர்தான். ஆகவே ஓட்டப்பயிற்சி என்றால் இடத்தேர்வு இன்னும் முக்கியம்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினால் எடை குறையுமா?

அப்படிக் காட்டிய மனித ஆய்வு எதையும் முன்வைக்க முடியாது. ஷாங்காய் ஆய்வுகூட ஹார்மோனைத்தான் அளந்தது. மூச்சுக்கும் இதயத்துக்கும் வாங்குவதானால் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள படுக்கையறை 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். காற்று மணிக்கு ஐந்து முறை வடிகட்டப்பட வேண்டும் என்றால் 170. பெட்டியில் "சிஏடிஆர்" (கருவி வடிகட்டித் தரும் காற்றின் அளவு) என்று போட்டிருக்கும் எண் மணிக்கு 170 கன மீட்டருக்குக் குறையக் கூடாது.

தவறு நடக்கும் இடங்கள்: அந்த எண் உச்ச வேகத்துக்கானது, இரவில் சத்தம் தாங்காமல் குறைந்த வேகத்தில் ஓட்டினால் பாதிகூடக் கிடைக்காது, எனவே அதைப் போல இரு மடங்கு எண் உள்ளதாக வாங்குங்கள். புது ஹெப்பா வடிகட்டி பிளாஸ்டிக் உறையில் சுற்றி வரும். அதைப் பிரிக்காமலே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஜன்னல் திறந்திருந்தால் பயன் இல்லை. ஸ்பிளிட் ஏசியின் வலை பெரிய தூசியைத்தான் பிடிக்கும், நுண்துகளைப் பிடிக்காது.

முகக்கவசம் என்றால் என்95. மூக்கின் மேல் உள்ள கம்பியை அழுத்திவிட்டு, வேகமாக மூச்சை விட்டுப் பாருங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் ஓரத்தில் கசிகிறது. தாடி இருந்தால் ஒட்டாது.

வீட்டுக்குள் எது மோசம்?

கொசுவத்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் அளந்து சொன்னார்கள். மூடிய அறையில் இரவு முழுதும் அதைச் சுவாசித்துவிட்டு, காலையில் வெளிக்காற்றைக் குறை சொல்கிறோம். கொசுவலைதான் சரியான மாற்று. சாம்பிராணி, ஊதுபத்தி ஏற்றும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். தாளிப்பும் பொரியலும் அடுப்பில் இருக்கும்போதே புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓடட்டும்.

விறகடுப்பிலிருந்து எரிவாயுவுக்கு மாறுவது நிச்சயம் நல்லது. ஆனால் எல்லாப் பலனும் தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டுக் கிராமங்கள் உட்பட நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஒரு பெரிய சோதனையில், எரிவாயு அடுப்பு தந்த பிறகு அவர்கள் சுவாசித்த நுண்துகள் 70.7 மைக்ரோகிராம் என்ற அளவுக்குப் பதில் 23.9 ஆக இருந்தது. அப்படியிருந்தும் எதிர்பார்த்தபடி குழந்தையின் பிறப்பு எடை கூடவில்லை என்று 2022இல் முடிவு வந்தது. மாசுக்கும் உடலுக்கும் இடையில் நேர்கோடு போட முடியாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வெல்லம் சாப்பிட்டால் நுரையீரல் சுத்தமாகுமாமே?

தூசியில் வேலை செய்பவர்களுக்கு வெல்லம் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. காற்றறைக்குள் போன நுண்துகளை வெல்லம் வெளியேற்றாது. வெல்லம் போகும் வழி வேறு. 20 கிராம் வெல்லத்தில் சுமார் 75 கலோரி. மாசின் கணக்கில் வந்த நாளுக்கு மூன்று கலோரியை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பயந்து தினமும் வெல்லம் தின்றால், தவிர்க்க நினைத்ததைப் போல இருபத்தைந்து மடங்கைக் கையாலேயே வாங்கிக்கொள்கிறோம். "நுரையீரல் டீடாக்ஸ்" என்று விற்கும் சர்க்கரைப் பாகுகளுக்கும் இதே பதில்.

என் நிலையை வீட்டிலேயே எப்படி அளப்பது?

இடுப்பை அளங்கள். கடைசி விலா எலும்பின் அடிப்பகுதியையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த கணத்தில் படியுங்கள். வயிற்றை எக்கக் கூடாது, டேப் தோலை அழுத்தக் கூடாது. பேன்ட் அளவை நம்ப வேண்டாம். தொப்பை வந்தவர்கள் பேன்ட்டைக் கீழே இறக்கிக் கட்டுவதால் அது மாறாமலே இருக்கும். நம்மவர்களுக்கு வரம்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. பிஎம்ஐயிலும் நம் வரம்பு குறைவு: 23க்கு மேல் அதிக எடை, 25 என்றால் பருமன்.

இந்த ஊருக்கு வந்து ஓராண்டில் ஐந்து கிலோ கூடிவிட்டது. காற்றுதானா?

இல்லை. மேலே உள்ள எந்த ஆய்வின்படியும் ஓராண்டில் ஐந்து கிலோ வராது. மாறிய வேலை நேரம், வெளிச் சாப்பாடு, குறைந்த தூக்கம், நடக்காமை என்று முதலில் தேடுங்கள். பிறகு தைராய்டு பரிசோதனை. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாசு நகரங்களில் அடிக்கடி தவறவிடும் காரணம் ஒன்று உண்டு. புகையால் ஆஸ்துமா கிளம்பும்போதெல்லாம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள். ஆண்டில் மூன்று நான்கு முறை பிரெட்னிசோலோன் எடுத்தால் பசி கூடும், முகமும் வயிறும் பெருக்கும், சர்க்கரை ஏறும். இங்கே மாசு சுற்றி வந்து எடையைக் கூட்டுகிறது என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; பல வாரம் எடுத்ததைச் சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் இறங்கி ஆபத்தாகலாம். தினசரி இன்ஹேலரை ஒழுங்காக எடுக்கிறோமா, உறிஞ்சும் முறை சரியா என்று மருத்துவர் முன்னால் ஒரு முறை செய்து காட்டுங்கள். இன்ஹேலர் வழியே போகும் மருந்து மைக்ரோகிராம் கணக்கில், மாத்திரை மில்லிகிராம் கணக்கில். இன்ஹேலர் சரியாக வேலை செய்தால் மாத்திரை தேவைப்படும் தடவைகள் குறையும்.